மூக்கர் வீடு பார்க்கிறார்

வெளிச்சத்தை அளக்க ஒரு கருவி உண்டு. சத்தத்தை அளக்க ஒன்று, சுவரில் ஊறிய ஈரத்தை அளக்க ஒன்று. அடுக்குமாடிக் கட்டடங்களுக்குள் போய், இங்கே மனிதர் நிம்மதியாகக் குடியிருக்க முடியுமா என்று பார்த்து மதிப்பெண் போடுகிற அந்த அலுவலகத்தில் இவை எல்லாமே ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடும். வாசனைக்கு மட்டும் கருவி கிடையாது. அதற்கு இருந்தது ஒரே ஒரு மூக்குதான். அந்த மூக்குக்குச் சொந்தக்காரரை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேலாளர் முதல் தேநீர் கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் அவர் மூக்கர்.

அது கேலிக்காக வைத்த பெயர் இல்லை. பார்வைக்கும் அந்த மூக்கு கொஞ்சம் தாராளமானதுதான் என்பதை மறைத்துப் பயனில்லை, ஆனால் பெயர் வந்தது அதனால் அல்ல. புதுச் சாயம் பூசிய சுவருக்குப் பின்னால் பூஞ்சை பிடித்திருப்பதை வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். லிப்ட் கதவு திறந்தால் போதும், எந்த மாடிக்காரர்கள் குப்பையை இரண்டு நாள் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒருமுறை, பூட்டிக் கிடந்த வீட்டின் குளியலறையில் தண்ணீர் போகும் துவாரம் வறண்டு, அதன் வழியே சாக்கடைக் காற்று ஏறுகிறது என்று கூடத்தில் உட்கார்ந்தபடி சொன்னார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியதும் நாற்றம் நின்றது. கட்டடக்காரர் மூக்கின் மேல் விரல் வைத்தார்.

அந்த அலுவலகத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. மதிப்பிடப் போகிறவர் தான் யார் என்று மூச்சு விடக்கூடாது. தெரிந்துவிட்டால் அன்றைக்கு மட்டும் படிக்கட்டு கழுவப்படும், மூலை முடுக்கெல்லாம் வாசனைத் தைலம் தெளிக்கப்படும். ஆகவே வீடு வாங்க வந்தவர் போலத்தான் போக வேண்டும். "வாங்கத்தான் பாக்கிறீங்களா?" என்று வாசலில் காவலாளி கேட்பார். "வாங்கத்தான்" என்று மூக்கர் கண் இமைக்காமல் சொல்வார். தன் வாழ்நாளில் அவர் அதிகம் சொன்ன பொய் அதுவாகத்தான் இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரிலுள்ள கட்டடங்களை எல்லாம் முகர்ந்து முடித்தவருக்குச் சொந்தமாக ஒரு வீடு இல்லை. பணம் இல்லாமல் இல்லை. வங்கியில் அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. குறுக்கே நின்றது மூக்குதான். கல்யாணமான புதிதில் மனைவியை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் பார்த்தார். ஒன்றில் பழைய எண்ணெய் வாடை. ஒன்றில் பூனை. இன்னொன்றில் என்னவென்றே சொல்லத் தெரியாத ஒன்று, ஆனால் நாளைக்கு நிச்சயம் பெரிதாகும் என்றார். மகள் பிறந்து, வளர்ந்து, வேலை கிடைத்து வேறு ஊருக்கும் போய்விட்டாள். இவர் மூக்கைச் சுளிக்காத வீடு மட்டும் கிடைக்கவில்லை. "உங்க மூக்குக்குத் தோதான வீட்ட இனிமேதான் யாராவது கட்டணும்" என்று சொல்லிவிட்டு, மனைவி ஒரு நாள் வீடு பார்க்கப் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

அவள் வீட்டிலிருந்தபடி துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பவள். பெருத்தவருக்குப் பிரித்து விடுவாள், இளைத்தவருக்குப் பிடித்துத் தைப்பாள். அவர்களுடைய வாடகை வீட்டில் தையல் இயந்திரம் கொள்ளும் இடம் ஒன்றே ஒன்று, இரண்டு அறைகளுக்கும் நடுவிலிருந்த இருட்டு நடை. பட்டப்பகலிலும் அங்கே விளக்கு வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட வேண்டி வந்தால், துணியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்து கையால் தைப்பாள். ஜன்னலோரம் இயந்திரத்தைப் போட்டு உட்கார வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அதைச் சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு சொல்லாமல் விட்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் மூக்கருக்குக் காய்ச்சல் வந்தது. பத்தியமாகப் படுத்துக் கிடந்து எழுந்தார். காய்ச்சல் போனது. போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அது அவருக்குத் தெரியவந்தது லிப்டில். யாரோ குப்பைப் பையை ஓட்டையோடு இழுத்துப் போயிருந்தார்கள். உள்ளே ஏறியவர்கள் அத்தனை பேரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, மூக்கர் மட்டும் பூங்காவில் நிற்பவர் போல நிமிர்ந்து நின்றிருந்தார். எல்லோரும் தன்னையே ஏன் பார்க்கிறார்கள் என்று விளங்கியதும் பாதி மாடியிலேயே இறங்கி வீட்டுக்கு ஓடினார். சோப்பை முகர்ந்தார், காபிப் பொடியை முகர்ந்தார், தன் சட்டைக் கக்கத்தைக் கூட முகர்ந்து பார்த்தார். ஒன்றுமில்லை. மருத்துவர், வந்தாலும் வரலாம் வராமலும் போகலாம் என்று இரண்டு பக்கமும் பேசி அனுப்பிவைத்தார்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. அலுவலகத்தில் கருவிகளைத் தட்டுவதில் இளையவர்கள் அவரைவிடக் கெட்டிக்காரர்கள். மூக்கை எடுத்துவிட்டால் மூக்கரில் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

அந்தப் பயத்தில் ஒரு காரியம் செய்தார். ஒரு கட்டடத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து, பளபளவென்று இருந்ததை நம்பி, வாசனைக்கு நல்ல மதிப்பெண் போட்டுவிட்டார். அதைப் பார்த்து ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோடு குடிவந்தார்கள். படுக்கையறையில் சாக்கடை நாற்றம், பிள்ளையைக் கூடத்தில் போட்டுத் தூங்கவைக்கிறோம் என்று புகார் வந்தது. மேலாளர் அவரைக் கூப்பிட்டுத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "மனுஷன்தானே சார், எப்பவாவது தப்பும்" என்றார். அந்த நல்ல வார்த்தை மூக்கரை நாலு நாள் தூங்கவிடவில்லை. இன்னொரு தடவை தப்பக்கூடாது. ஆனால் அடுத்த கட்டடங்கள் மேசைக்கு வந்துவிட்டன.

சனிக்கிழமை காலையில், துணிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் போய் நின்றார். ஒரு வீடு இருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம், வருகிறாயா என்று கேட்டார். அலுவலக வேலை என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் எழுந்து தலை வாரிக்கொண்டாள்.

அவருடைய கணக்கு எளியது. அவள் மூக்கும் லேசுப்பட்டதல்ல. தைக்க வரும் துணியை உதறும்போதே இது அடைத்த அறையில் இருந்தது, இது மழையில் நனைந்து சரியாகக் காயாதது என்று சொல்லிவிடுவாள். அவளை ஒரு சுற்று நடக்கவிட்டால் போதும்.

முதல் வீட்டில் மூக்கர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாணவியைச் சோதிக்கும் வாத்தியார் மாதிரி நின்றார். "எனக்கு ஒண்ணு படுது. உனக்கு என்ன படுதுன்னு சொல்லு பாப்போம்" என்றார். அவள் அறை அறையாக நடந்து, நனைந்த துணியை மடித்து வைத்தாற்போல் ஒரு வாடை இந்தப் பக்கச் சுவரிலிருந்து வருகிறது என்றாள். அவள் திரும்பி நின்றபோது மூக்கர் கருவியை எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்தார். ஈரம் சொட்டாத குறை. "அதேதான்" என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது அவருக்குப் படவில்லை.

இரண்டாவது வீட்டில், பக்கத்து வீட்டு அடுப்புப் புகை இந்த வீட்டுக் குளியலறை வழியாக வருவதைக் கண்டுபிடித்தாள். அதன் பிறகு சனிக்கிழமைகள் வழக்கமாயின. மூக்கரின் அறிக்கைகள் முன்பைவிடப் பிரமாதமாக இருப்பதாக அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். மூக்கருக்குப் பாராட்டு உள்ளே இறங்கவில்லை. ஏனென்றால் அவள் மாறிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது கைப்பையில் இஞ்ச் டேப்பைப் போட்டுக்கொண்டாள். ஜன்னலின் அகலத்தை அளந்தாள், ஜன்னலுக்குக் கீழே தரையை அளந்தாள். தையல் இயந்திரத்துக்கு இடம் பார்க்கிறாள் என்பது சொல்லாமலே தெரிந்தது. பேருந்தில் திரும்பும்போது, திரைச்சீலைக்கு எந்த நிறம் வெளிச்சத்தைத் தின்னாது என்று அவளாகவே பேசிக்கொண்டு வந்தாள். மூக்கர் வெளியே பார்த்துக்கொண்டு ம் கொட்டினார். அடுத்து வந்த சனிக்கிழமைகளில் அவர் குளித்து வருவதற்குள் அவள் செருப்புப் போட்டு நின்றாள்.

ஒரு நாள் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அம்மாவுக்கு வீடு பாக்கறீங்களாமேப்பா? அம்மா குரலே வேற மாதிரி இருக்கு" என்றாள். மூக்கர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். மதிப்பெண் போடப் போகிற இடத்துக்கு ஆசை காட்டிப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய், அவள் மூக்கை இரவல் வாங்கிப் பிழைக்கிற தன்னைவிடக் கேவலமான மனிதன் இருக்க முடியாது என்று தோன்றியது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளம்புவார். அவள் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போடுவதைப் பார்த்ததும் வாய் கட்டிக்கொள்ளும்.

அந்த வரிசையில் கடைசியாக வந்தது ஒரு சாதாரணக் கட்டடம். வெளிச் சாயம் மங்கியிருந்தது. லிப்ட் யோசித்து யோசித்து ஏறியது. படிக்கட்டுக் கைப்பிடி மட்டும் பல கைகள் பட்டு வழுவழுவென்று இருந்தது. காவலாளி யாருடனோ போனில் வாக்குவாதத்தில் இருந்ததால், எதுவும் கேட்காமல் சாவியை நீட்டிவிட்டார். நான்காம் மாடி. கதவைத் திறந்ததும் கூடத்தின் பெரிய ஜன்னல் வழியே பிற்பகல் வெயில் தரை முழுவதும் விழுந்து கிடந்தது.

மற்ற வீடுகளில் செய்ததுபோல அவள் அறை அறையாகச் சுற்றவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய் அளந்தாள். கீழே தரையை அளந்தாள். அளந்த இடத்தை மறுபடி அளந்தாள். பிறகு அந்த இடத்திலேயே, இயந்திரத்தின் முன்னால் உட்காரும் விதமாக முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கைப்பைப் பட்டையின் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் வெயில் பட்டது. அத்தனை வருஷம் இருட்டு நடையில் பார்த்துப் பழகிய முகம், வெளிச்சத்தில் இப்படி இருக்கும் என்பதை மூக்கர் மறந்தே போயிருந்தார்.

பழக்க தோஷத்தில் கேட்டுவைத்தார். "என்ன வாசனை படுது?"

"ஒண்ணும் இல்லைங்க."

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். மூக்கருக்குத் திக்கென்றது. வாசனையே இல்லாத வீடு உலகத்தில் கிடையாது, இத்தனை வருஷத்தில் அவர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தார். நேர் கீழே, கட்டடத்தின் பின்பக்கம் ஓர் இஸ்திரிக் கடை. மூட்டை மூட்டையாகத் துணி, அதன் மேல் தண்ணீர் தெளித்து ஒருவர் தேய்த்துக்கொண்டிருக்க, ஆவி குபுகுபுவென்று கிளம்பி நேராக இந்த ஜன்னலுக்குத்தான் ஏறி வந்தது. துணி விஷயத்தில் அவள் மூக்குக்கு இது தப்பியிருக்க முடியாது.

அவள் பொய் சொல்கிறாள். அவரிடம் எதற்கும் பொய் சொல்லாதவள், இந்த வீட்டை அவர் வேண்டாமென்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து பொய் சொல்கிறாள். கடைக்காரர் கையிலிருந்து பொம்மையை வாங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்ட குழந்தை போல உட்கார்ந்திருந்தாள். மூக்கர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்" என்றார். "இது... இந்த வீடெல்லாம்..."

அவள் இஞ்ச் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "மூக்கு போனதுதானே" என்றாள்.

மூக்கர் திருதிருவென்று விழித்தார்.

"பால் அடிப்பிடிச்சுத் தீஞ்சு வீடு பூரா வாடை. நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. சரி பாப்போம்னு அந்தப் பாலையே ஒரு டம்ளர் ஊத்திக் கொடுத்தேன். நல்லாருக்குன்னு குடிச்சீங்க."

அது காய்ச்சல் விட்ட வாரத்தில் நடந்தது. அப்படியென்றால் முதல் சனிக்கிழமையே அவளுக்கு எல்லாம் தெரியும். வாத்தியார் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றதும், அதேதான் என்று தலையாட்டியதும் நினைவுக்கு வர, மூக்கருக்குக் காது வரை சுட்டது. தெரிந்துகொண்டே ஏன் வந்தாய் என்று கேட்டார்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்ல முடியாம தவிச்சீங்க, பாவமா இருந்துச்சு. மூக்குதானே, கொஞ்ச நாள் என்னோடத வெச்சுக்கட்டும்னு வந்தேன்." அவள் டேப்பைப் பிரித்து மறுபடி சுற்றினாள். "முதல் ரெண்டு வீடும் உங்களுக்காகத்தான் வந்தேன். அதுக்கப்புறம் எனக்கே ஆசை வந்துடுச்சுங்க. ஆபீஸ் வேலைன்னு தெரியும். தெரிஞ்சும் அளந்தேன்."

அவள் அழவில்லை. மூக்கருக்குத்தான் கண் நிறைந்தது. இஸ்திரி ஆவி பட்டதாகச் சொல்லலாம் என்று பார்த்தார், இன்னொரு பொய்க்கு இடமில்லை என்று விட்டுவிட்டார். மெதுவாக, கீழே இஸ்திரிக் கடை இருக்கிறதே என்றார்.

"இருக்கு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வரும். ஈரத் துணி மேல சூடு பட்ட வாசனை. உங்க ஆபீஸ்ல அதுக்கு மார்க்கக் கொறைப்பாங்க, கொறைச்சுக்கட்டும். எனக்குப் புடிச்சிருக்கு." முதல் முறையாக அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இத்தனை வருஷம் உங்க மூக்க நம்பி வீடு பாத்தோம். இந்த ஒரு வீட்ட என் மூக்க நம்பிப் பாப்பமே."

மூக்கர் எழுந்து சமையலறைப் பக்கம் போய் மேலாளருக்குப் போன் செய்தார். மூக்கு போய்விட்டது, குழந்தைக்காரர்கள் வீட்டுக்குத் தப்பான மதிப்பெண் போட்டது அதனால்தான், அந்த வீட்டுக்கு உடனே வேறு ஆளை அனுப்பிச் சரிசெய்யச் சொல்லுங்கள் என்றார். சொல்லச் சொல்ல நெஞ்சில் ஏறியிருந்த கல் நகர்ந்தது. அதற்குப் பிறகு வந்த அறிக்கைகளில் இருப்பது யார் மூக்கு என்று மேலாளர் கேட்டார். என் மனைவியுடையது என்றார். அப்படியானால் அத்தனையையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும், திங்கட்கிழமை வாருங்கள் பேசலாம், வாசனைப் பக்கத்தை இனி உங்களிடம் தர முடியாது என்று மேலாளர் வருத்தத்தோடு சொன்னார். அது நியாயம்தான் என்றார் மூக்கர். இன்னொன்றும் சொன்னார்: இப்போது நான் நிற்கிற இந்தக் கட்டடத்தை என் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், இதற்கு நான் மதிப்பெண் போடக்கூடாது.

ஏன் என்று மேலாளர் கேட்டார். கூடத்தில் அவள் இன்னும் அதே இடத்தில், வெயிலுக்குள் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே, இது எங்களுக்கு என்றார்.

இறங்கும்போது லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படிக்கட்டில் இறங்கினார்கள். அவள் வழுவழுப்பான கைப்பிடியைத் தடவிக்கொண்டே வந்தாள். கீழே காவலாளி வாக்குவாதம் முடிந்து ஓய்ந்திருந்தார். சாவியை வாங்கக் கையை நீட்டியபடி, வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று அலுத்துக்கொண்டார்.

"நீங்களாவது வாங்கத்தான் பாக்கிறீங்களா சார்?"

எத்தனையோ வாசல்களில் கண் இமைக்காமல் சொன்ன சொல். அன்றைக்கு அது லேசில் வரவில்லை. பக்கத்தில் நின்றவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

"வாங்கத்தான்" என்றார். குரல் கம்மி, சொல் பாதிதான் வெளியே கேட்டது. காவலாளிக்கு அது போதவில்லை போலிருக்கிறது. நிச்சயமாகவா என்பதுபோல அந்தம்மாள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அவள் தலையசைத்துவிட்டு, திருப்பித் தர எடுத்த சாவியை மறுபடி கைக்குள் மூடிக்கொண்டாள்.